பாலைவனத் தோட்டத்தில் மரக்கற்றாழை: கோடையில் தண்ணீரைக் கூட்டலாமா?

கேள்வி: அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை ஒட்டிய எங்கள் வீட்டுத் தோட்டத்தில், பார்பரே என்னும் மரக்கற்றாழைக் கன்று ஒன்றைக் கடந்த ஏப்ரலில் நட்டோம். அப்போதே அது ஐந்தடி உயரம் இருந்தது. மேற்குப் பார்த்த சிமென்ட் கல் சுவரோரம் நிற்கிறது. எலுமிச்சைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயிலிருந்தே இதற்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போகிறது. ஜூலை பிறந்ததிலிருந்து இலைகள் செம்பழுப்பாகி, நுனி காய்ந்து, மெலிந்து வருகின்றன. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா? இந்த ஊரில் இம்மரம் நிற்குமா?

பதில்: தண்ணீரைக் கூட்ட வேண்டாம். இந்தக் கன்றுக்குப் போகும் சொட்டுவானை இன்றே அடைத்துவிடுங்கள். இலை மெலிந்தால் தாகம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால், ஈரமான மண்ணில் நிற்கும் கற்றாழை மெலிகிறதென்றால், அதன் வேர் தண்ணீரை எடுக்கவில்லை என்று பொருள். எடுக்காத வேருக்கு மேலும் மேலும் தண்ணீர் விட்டால், சூடேறிய மண்ணில் வேரழுகல்தான் மிஞ்சும்.

வேர் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை உங்கள் ஊரின் இரவில் இருக்கிறது. கற்றாழை இனம் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவுக் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை உணவாக்கிக்கொள்ளும் இயல்புடையது. இரவு குளிராவிட்டால் இந்தச் சேமிப்பு குறைகிறது, சுவாசத்துக்கு ஆகும் செலவு கூடுகிறது, வளர்ச்சி நின்று வேரும் ஓய்ந்துவிடுகிறது. பீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள்கள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஜூலை 19 அன்று பதிவான மிகக் குறைந்த வெப்பமே 36 டிகிரி. அந்த மண்ணுக்கே உரிய சகுவாரோ கள்ளிகள்கூட அந்தக் கோடையில் கிளை முறிந்து விழுந்தன. அவையும் இரவில் மூச்சு வாங்கும் செடிகளே. அப்படிப்பட்ட ஊரில், பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவு முழுதும் சூளைபோல் அனல் கக்கும் மேற்குச் சுவரோரம் உங்கள் கன்றுக்கு வாய்த்த இடம் மிகக் கடுமையானது. தண்ணீரைக் காட்டிலும் இந்த இடத்தைத்தான் நான் முதல் குறையாகச் சொல்வேன்.

முதலில் கன்றின் நிலையைச் சோதித்துக்கொள்ளுங்கள். தண்டின் அடிப்பகுதியிலுள்ள மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விலக்கி, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். எங்கும் கெட்டியாக இருந்து, நகத்தால் மெல்லக் கீறினால் தோலுக்கடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால், கவலை வேண்டாம். செம்பழுப்பு நிறம் வெப்பத்தையும் வெயிலையும் தாங்க இலை தானே உண்டாக்கிக்கொள்ளும் நிறமியால் வருவது, குளிர்காலத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். நுனி காய்ந்த இலைகளை இப்போது வெட்ட வேண்டாம், அவை தண்டுக்கு நிழல் தருகின்றன. அழுத்தும் இடம் குழைந்து, பழுப்பு நீர் கசிந்து, புளித்த வாடை வந்தால் அது அழுகல். அப்போது தாமதிக்காமல், சுத்தமான கத்தியால் பழுப்புப் புள்ளியோ வளையமோ இல்லாத வெள்ளைச் சதை தெரியும் உயரம் வரை வெட்டி, மேல்பகுதியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, பருமணலும் நுரைக்கல்லும் கலந்த தொட்டியில் ஊன்றி வையுங்கள். பார்பரே போத்திலிருந்து எளிதில் வேர்விடும் இனம் என்பதால், அடிமரம் போனாலும் மரம் போனதாகாது.

தண்டு கெட்டியாக இருக்குமானால், இப்போது செய்ய வேண்டியது நிழல்தான். நாற்பது, ஐம்பது விழுக்காடு நிழல் தரும் வலையை மேற்கும் தெற்கும் மறையும்படி நான்கு கம்பு நட்டுக் கட்டுங்கள். வலை இலையில் படாமல் காற்று ஓட வேண்டும். மண் ஒரு சாண் ஆழம் வரை நன்றாகக் காய்ந்த பிறகும் இலைகள் தொடர்ந்து மெலிந்தால் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மண் மிகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகப் பத்து லிட்டர் அளவு விடலாம். பருவமழை ஒன்றிரண்டு பெய்துவிட்டால் அதுவும் தேவையில்லை.

அக்டோபரில் இரவுகள் குளிர்ந்ததும் கன்றை இடம் மாற்றிவிடுங்கள். காலை வெயில் பத்து, பதினொரு மணி வரை விழுந்து, பின்பு நிழலாகும் கிழக்குப் பக்கம் நல்லது. பாலோ வெர்டே மரத்தின் சல்லடை நிழலோ, நம் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட்டின் நிழலோ கிடைத்தால் இன்னும் நல்லது. பார்பரேயின் அடிமரம் காலப்போக்கில் மிகவும் பருக்கும் என்பதால் வீட்டுச் சுவர், நீச்சல் குளம், குழாய்கள் ஆகியவற்றிலிருந்து நான்கு மீட்டராவது தள்ளி நடுங்கள். குழி எடுக்கும்போது கடப்பாரை சுக்கான் பாறையில் முட்டினால் அதை உடைத்து ஊடுருவ வேண்டும். இல்லாவிட்டால் குழி தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும். குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, சில மணி நேரத்தில் வடிகிறதா என்று பார்த்த பின்பே நடுங்கள். வடியாத இடத்தில் ஓரடி உயரத்துக்கு மண்மேடு அமைத்து அதன்மேல் நடுவதே சரி. கன்றோடு வந்த வேர்க்கட்டில் நாற்றங்காலின் கரிமண் (மட்கிய பாசியாலான ‘பீட்’) ஒட்டியிருந்தால், வெளிப்புறத்தை விரலால் உதிர்த்துவிட்டு உள்ளூர் மண்ணிலேயே நட வேண்டும். அந்தக் கரிமண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வெப்பம் மிதமாக இருப்பதால், உங்கள் ஊரில் இதற்கு அதுவே வளரும் பருவம். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுங்கள். உங்கள் குழாய்த் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு வேரடியிலேயே படியும், ஆழமாக விட்டால் கீழே இறங்கிவிடும். எலுமிச்சைக் குழாயிலிருந்து இதைப் பிரித்துவிடுவது கட்டாயம், இரண்டின் தேவையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் என்று அறிவிப்பு வந்தால், அன்றிரவு கிளை நுனிகளைப் பருத்தித் துணியாலோ பனித்துணியாலோ மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் கூடாது.

இந்த ஊரில் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும், ஆனால் இந்த இனத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். பார்பரே தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் மொசாம்பிக்கிலும், கோடை மழை பெறும் மரச்செறிவான பள்ளத்தாக்குகளில் 18 மீட்டர் வரை வளரும் மரம். வறண்ட அனல் அதற்குப் பழக்கமில்லை. அடுத்த மரம் வாங்குவதாக இருந்தால், நமீபியாவின் தென்பகுதியிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் பாறை நிலத்தில் வளரும் டைகோட்டோமம் என்னும் மற்றொரு மரக்கற்றாழை இனத்தைப் பரிந்துரைப்பேன். அங்குள்ள சான் மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள். கிளைகளின்மேல் பூத்திருக்கும் வெண்பொடி வெயிலைத் திருப்பி அனுப்பும், அதைத் துடைத்துவிடாதீர்கள். அதற்கும் எல்லை உண்டு: தன் சொந்த நிலத்தின் வெப்பம் மிகுந்த வடபகுதிகளிலேயே அம்மரங்கள் மடிந்துவருகின்றன. எனவே இளங்கன்றுக்கு முதல் இரண்டு கோடையிலும் நிழல்வலை கட்டியே ஆகவேண்டும், கோடையில் தண்ணீரும் பார்பரேயைவிடக் குறைவாகவே விட வேண்டும். மரம் விரைவாக வளர வேண்டும் என்று விரும்பினால், இவ்விரு இனங்களின் கலப்பான ஹெர்குலிஸ் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் ஐந்தடிக் கன்றைவிட இரண்டடிக் கன்றே மேல். அதற்கு வலை கட்டுவதும் எளிது, வேரும் உங்கள் மண்ணிலேயே பழகி வளரும்.