திரையில் 16 பிக்சல் கோடுகள்: ஃப்ளஷ் எங்கே தவறியது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர்களுக்குச் சேலை டிசைனைப் பெரிய திரையில் காட்ட, பழைய இன்டெல் ஆட்டம் சிப் உள்ள சிறு கணினி வைத்திருக்கிறேன். அதன் கிராபிக்ஸ் டிரைவரில் கொஞ்சம் கை வைத்தேன். அதிலிருந்து புது டிசைன் போட்டாலும் ஆங்காங்கே பழைய டிசைனின் துண்டுக் கோடுகள் நிற்கின்றன. எல்லா இடத்திலும் கேஷ் ஃப்ளஷ் (சிபியுவின் வேக நினைவகமான கேஷில் இருப்பதை மெமரிக்குத் தள்ளுவது) போட்டால் மறைகிறது, ஆனால் திரை ஆமையாக நகர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு துண்டைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். சாதாரண நேர்வரிசைப் பஃபரில் (படத்தின் பிக்சல்களை வரிசையாக அடுக்கிய மெமரிப் பகுதியில்) அது 16 பிக்சலோ அதன் மடங்கோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 64 பைட், ஒரு பிக்சல் 4 பைட். சிபியு எழுதிய புது நிறம் மெமரிக்கு வராமல் கேஷிலேயே தங்கிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வரவு சிட்டையில் விழும், அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்கள். கேஷ்தான் சிட்டை, மெமரி பேரேடு. ஜிபியு, அதாவது படம் வரையும் கிராபிக்ஸ் பகுதி, கடைக் கணக்குப்பிள்ளை: ஸ்னூப் வசதி போட்டிருந்தால் சிட்டையையும் எட்டிப் பார்த்துவிடும். திரைக்குப் படம் அனுப்பும் பகுதியோ வெளியூர் ஆடிட்டர். பேரேட்டைத் தவிர எதையும் தொடாது.

ஃப்ளஷ் தேவையா என்பதை 'கடைசியாக எழுதியது யார்' என்ற டொமைன் குறிப்பை வைத்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள் என்பது என் ஊகம். பஃபர் ஜிபியுவுக்குப் போகும்போது, ஸ்னூப் இருப்பதால் ஃப்ளஷைத் தவிர்க்கிறீர்கள். அது சரி. ஆனால் அதே கையோடு டொமைன் குறிப்பும் அழிந்துபோகிறது. அதே பஃபர் அடுத்து திரைக்குப் போகும்போது, பேரேட்டில் ஏற்றாத வரி சிட்டையில் கிடப்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே 'ஏற்றவில்லை' என்பதற்குத் தனியாக ஒரு பிட் வையுங்கள். லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 டிரைவரில் இருக்கும் கேஷ் டர்ட்டி குறிப்பும் இந்த வேலைக்குத்தான். சிபியு எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த பிட்டை 1 ஆக்குங்கள். உண்மையாகவே ஃப்ளஷ் ஓடும் அந்த ஒரே இடத்தில் மட்டும் 0 ஆக்குங்கள். டொமைன் மாறினாலும் அதைத் தொடக்கூடாது. ஃப்ளஷுக்கு முன்னும் பின்னும் எம்ஃபென்ஸ் (மெமரி வேலைகளின் வரிசை மாறாமல் காக்கும் சிபியு கட்டளை) இருக்கட்டும். ஃப்ளஷைப் பின்னணி வேலையாக விட்டால், அது முடியும்வரை திரை காத்திருக்கும்படி பஃபரில் ஃபென்ஸ் (வேலை முடிந்ததைச் சொல்லும் அடையாளம்; எம்ஃபென்ஸ் வேறு) மாட்டுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம், நானும் மறந்திருக்கிறேன்.

சோதிக்கும்போது சிபியுவில் எழுதி நேராகத் திரைக்கு அனுப்பாதீர்கள், இந்தத் திருத்தம் செய்யாத டிரைவரிலும் அது சரியாகவே வரும். எழுதியதும் ஜிபியுவை ஒருமுறை படிக்கவிட்டு, அப்புறம் திரைக்கு அனுப்பிப் பாருங்கள்.