பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகப் பையனைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், தன் தம்பியையும் மகனையும் அழைத்துக்கொண்டு சென்ற வாரம் என்னிடம் வந்தார். மகன் மலையிறங்கி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகிறது. ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போக மறுக்கிறான். “நீங்கள் நாலு வார்த்தை சொன்னால் கேட்பான், சார்” என்றார் மாமா.

பையனிடம் தனியாகப் பேசினேன். அவன் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் சீனியர்கள் அறைக்கு வருவார்கள். அவர்கள் போகும்வரை இவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளை எழுத வேண்டும், செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்துகொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் மகன் என்று தெரிந்ததும் ‘கொழுந்து’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மூன்றாவது வாரம் கன்னத்தில் அறைந்தார்கள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அம்மா நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார்கள். எப்படிச் சொல்வேன்?” என்றான்.

அம்மா, அந்த ஒரு பதிலுக்காகவே உங்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டுக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 1,85,000 ரூபாய். உங்கள் மகனின் வாயை அடைத்தது அந்தத் தொகைதான். சீட்டு எவ்வளவு விலை உயர்ந்ததோ அவ்வளவுக்குப் பிள்ளை பொறுத்துப்போவான் என்பது அடிப்பவர்களுக்கும் தெரியும்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. “எங்கள் காலத்திலும் இதெல்லாம் இருந்தது, ஆம்பிளைப் பிள்ளை தாங்கிக்கொள்ள வேண்டும்” என்றீர்கள். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி. அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு எங்கும் சேர முடியாது. புகார் வந்தும் கைகட்டி நிற்கும் கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். தாங்கிக்கொள்ளச் சொல்லும் விஷயமா இது?

உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். ராகிங்குக்கு என்ன செய்வது என்பது ஒன்று. இந்தப் படிப்பு தொடர வேண்டுமா என்பது வேறொன்று. படிப்பை விடப்போகிறோம் என்றால் புகார் எதற்கு என்கிறீர்கள் நீங்கள். படிப்பைத் தொடர வேண்டுமே, புகார் கொடுத்தால் பகையாகுமே என்கிறார் மாமா. எப்படிப் போனாலும் புகார் மட்டும் எழுதப்படுவதில்லை. அவன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் புகார் எழுதியே ஆக வேண்டும். அந்த அறையில் நாளை இன்னொரு பையன் படுப்பான்.

புகாரை அவனே தன் கையால் எழுதட்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது போதும். பெயர் தெரியாதவர்களுக்கு எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று குறித்தால் சரி. கூட நின்ற வகுப்புத் தோழர்களின் பெயரை அவர்களைக் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும். ரீசார்ஜ் செய்த ரசீதுகளும் வாட்ஸ்அப் செய்திகளும் அவன் செல்பேசியில் இன்னும் இருக்கின்றன. அவற்றை அழிக்க விடாதீர்கள். காது வலிக்கிறது என்றான். நாளைக்கே கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ரெக்கார்டு எழுதியதையும் ரீசார்ஜையும் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். பிறருடைய பாட வேலையைச் செய்ய வைப்பதும், செலவு செய்ய வைப்பதும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளிலேயே ராகிங் என்று எழுதப்பட்டிருக்கின்றன. வசிக்கும் இடத்தையும் குடும்பத்தின் பொருளாதார நிலையையும் வைத்து இழிவுபடுத்துவது 2016 திருத்தத்தில் சேர்ந்தது. ‘கொழுந்து’ என்ற அந்தப் பட்டப்பெயரும் அதில் அடங்கும்.

கடிதத்தைக் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அதே நாளில் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணுக்கு அவன் பேசட்டும். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். அங்கே சொல்வது முதல்வருக்கும் வார்டனுக்கும் மட்டுமல்லாமல் பல்கலைக்கழகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பது விதி. இப்படிச் செய்தால் கல்லூரிக்குள்ளேயே பேசி முடித்து மூடிவிட முடியாது. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வைப்பது கல்லூரித் தலைவரின் கடமை. சேர்க்கையின்போது எதில் என்று தெரியாமலே ராகிங்குக்கு எதிரான ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டீர்களே, அடித்த பையனின் தகப்பனாரும் அதே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதில் எதுவுமில்லை.

தெரிந்த ஆள் ஒருவரை வைத்து சீனியரிடம் ‘பேசி முடிப்பது’ பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது வேண்டாம்.

இனி படிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று மாமா பிடித்த பிடியில் கலந்தாய்வையே விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசே ஏற்கிறது. அந்த வழி இருக்கும்போது நகையை அடகு வைக்க வைத்தது பெரிய தவறு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட, அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? தோட்டத்துக்கு வரும் காட்டெருமைகளைக் கொம்பின் வளைவை வைத்து அடையாளம் பிரித்து, எந்த மாட்டுக்கு எப்போது கன்று பிறந்தது என்று மூன்று வருடமாக எழுதி வைத்திருக்கிறான். அதைப் பற்றிப் பேசும்போது அவன் குரலே வேறாக இருந்தது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் மற்றும் வனவிலங்கு உயிரியல் துறை இருக்கிறது. முதுமலையும் முக்குருத்தியும் இருக்கிற மாவட்டத்தில் அந்தப் படிப்பு. கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம். பஸ் பாஸ் இலவசம். கட்டபெட்டு வழியாகக் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், விடுதியே தேவையில்லை. விலங்கியல் பட்டம் இருந்தால் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். பொறியியலுக்கும் அந்த உறுதியை யாரும் தந்துவிடவில்லை. விண்ணப்பம் மே மாதத்தில். ஒரு வருடம் வீணாகிறதே என்றால், விருப்பமில்லாத நான்கு வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஊட்டியிலும் சீனியர்கள் இருப்பார்கள். ஆகவே சேரும் நாளிலேயே ராகிங் தடுப்புக் குழுவில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். அவன் இப்போதைய கல்லூரிக்கே திரும்ப விரும்பினால், முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதியோ தனிப் பகுதியோ இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, வார்டனின் எண்ணுக்கு ஒரு நாள் இரவு அழைத்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். முடிவு அவனுடையது. விலகுகிறான் என்றால் விலகல் கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள், நாள் போகப்போகத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்க அனுமதி கிடையாது. கொடுக்க மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

புதன்கிழமை உங்களுக்கு அரை நாள் வேலை என்றீர்கள். மதியத்துக்கு மேல் மூவரும் வாருங்கள். மருத்துவமனைச் சீட்டும் அந்த நோட்டுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். மாமாவும் அவசியம் வர வேண்டும், ஆனால் அவன் எழுதி முடிக்கும்வரை வெளியே காத்திருக்கட்டும்.