பழைய மஹிந்திரா ஜீப்பைப் புதுப்பிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரை ஃபயர்வாலுக்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். சிஜே3பி மாடல் ஜீப்பின் பாடியைக் கழற்றிவிட்டீர்கள், சேசிஸ் மட்டும் நிற்கிறது, மாஸ்டர் சிலிண்டரை (மிதிக்கும் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஏற்றித் தொங்கும் பெடலும் பூஸ்டரும் (வேக்யூமால் மிதியை லேசாக்குவது) போட்டுவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஆயில் ஊற்ற அது வசதிதான். ஆனாலும் நான் செய்ய மாட்டேன்.

காரணம் இதுதான். அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி செய்த காலத்திலிருந்தே இந்த வண்டியில் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் சேசிஸில்தான் இருக்கின்றன. மிதிக்கும் விசையை வாங்குவதும் அதைத் தாங்குவதும் ஒரே இரும்பு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் தகடு மட்டும்தான். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம் சுமார் 6-க்கு 1 இருக்கும். இறக்கத்தில் அவசரமாக 40 கிலோ விசையில் மிதித்தால் பெடலிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடில் 240 கிலோ விழுகிறது. அதை அந்த மெல்லிய ஃபயர்வால் தாங்க வேண்டும் என்றால் உள்பக்கம் கனமான பிளேட் கொடுத்து, டேஷ்போர்டுக்கும் முட்டு கொடுக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் நாலு போல்ட்டோடு முடித்துவிடுவார்கள். பிறகு மிதிக்கும்போதெல்லாம் தகடு முன்னால் பிதுங்கும், பெடல் மெத்தென்று இருக்கும், லைனில் காற்று புகுந்துவிட்டது என்று ஆள் மாற்றி ஆள் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். லைனில் ஏர் இருக்காது. தகடுதான் வளைகிறது.

அதற்காகப் பழைய சிங்கிள் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். எங்கள் போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கொண்டை ஊசி வளைவில் பெடல் தரையோடு போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், ஆனால் பழைய இடத்திலேயே, ஓட்டுநர் காலடியில், சேசிஸில். டேண்டம் நீளம் அதிகம். பாடி இல்லாமல் இருக்கும் இப்போதே கிராஸ் மெம்பர், கியர்பாக்ஸ், புகைக்குழாய் மூன்றையும் பார்த்து இடம் குறித்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. பிளேட் எடுங்கள். புஷ் ராட் பிஸ்டனுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். சாய்ந்து தள்ளினால் சிலிண்டர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பிஸ்டனின் ரப்பர் கப் சீக்கிரம் கசியும். பைப் நட்டுக்கு ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாடி ஏறிய பிறகு அந்த நட்டைத் தொட முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

ஆயில் ஊற்றும் சிரமத்துக்கு வழி இருக்கிறது. ஆயில் டப்பாவை மட்டும் ஃபயர்வாலுக்கு ஏற்றுங்கள். அதன்மேல் எந்த விசையும் விழாது, அந்தத் தகடே போதும். அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கான ரப்பர் ஹோஸ் இரண்டு கீழே போகட்டும். பெட்ரோல் ஹோஸ் போடக்கூடாது, பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். பழைய அமைப்பில் ஃப்ளோர் மூடியைத் திறந்து ஊற்றும்போது சேறும் மணலும் சிலிண்டருக்குள் போகும். அதுவும் இதோடு நிற்கும்.

பூஸ்டர் 9 இன்ச் டிரம் வண்டிக்குத் தேவையில்லை. டீசல் இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் இன்டேக்கில் வேக்யூம் கிடைக்காது, பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரும் சேர்த்துத் தேட வேண்டும். பெடல் கனமாக இருக்கிறது என்று பூஸ்டர் கேட்கும் பல ஜீப்புகளில் உண்மையான கோளாறு, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ உட்கார்ந்த விதத்தில்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய 9 இன்ச் டிரம்மில் மேலே ஷூவைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டர், கீழே ஷூவைப் பிடித்திருக்கும் இரண்டு ஆங்கர் பின். இரண்டு ஷூவும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில் டிரம்மில் உராயும் லைனிங் நீளம், மற்றதில் குட்டை. நீளமானது வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். முன்னால் ஓடும்போது டிரம்மின் சுழற்சி அந்த ஷூவைத்தான் டிரம்மோடு இழுத்து இறுக்கும், வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பின்னால் வந்த பல வண்டிகளில் இரண்டு ஷூவும் கீழே ஒன்றையொன்று தள்ளும் செர்வோ வகை. அதில் நீளமான லைனிங் பின்பக்கம் வரும். அந்த வண்டிகளில் கைப்பழக்கம் உள்ளவர் ஜீப்பிலும் அப்படியே மாட்டிவிடுவார். வண்டி நிற்கும், ஆனால் அதிகமாக அழுத்தி மிதிக்க வேண்டும். உடனே பூஸ்டர் பேச்சு கிளம்பும். ஸ்பிரிங் மாட்டுமுன் நாலு சக்கரத்திலும் நீங்களே குனிந்து பாருங்கள்.

வீல் சிலிண்டரிலும் இதே கவனம் வேண்டும். முன்னால் 1 இன்ச் போர் (உள்விட்டம்), பின்னால் முக்கால் இன்ச். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் இந்த ஏற்பாடு. கடையில் நாலும் ஒரே அளவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஈரத் தரையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்கும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே, ஹோஸ் துளை கீழே. தலைகீழாக மாட்டினால் எவ்வளவு பிளீடிங் செய்தாலும் காற்று மேலேயே தங்கும். ஷூ இடைவெளி ஆங்கர் பக்கம் 0.005 இன்ச், மேலே சிலிண்டர் பக்கம் 0.008 இன்ச். டிரம்மில் இந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் நுழையத் துளை இல்லையென்றால், பழைய டிரம் ஒன்றில் ஜன்னல் வெட்டி அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். முன் அச்சில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் ஆயில் சீல் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எண்ணெய் பட்ட புது லைனிங் வீண்தான். பழைய லைனிங் தூசியைக் கம்ப்ரசரால் ஊதக்கூடாது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

பைப்புக்கு 3/16 இன்ச் ஸ்டீல் அல்லது காப்பர்-நிக்கல், முனையில் டபுள் ஃப்ளேர் (இரட்டையாக மடித்து விரித்த வாய்). ஏசி வேலைக்கு வரும் வெறும் செப்புக் குழாய் அதிர்வில் விரிசல் விடும். பைப் சேசிஸ் சேனலின் உள்வளைவில் ஒட்டி ஓடட்டும், அடிக்கு ஒரு கிளிப். கல்லில் மோதும் இடத்தில் வேண்டாம், புகைக்குழாயிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். வெப்பத்தை அலட்சியம் செய்யாதீர்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கலாம், ஈரம் இழுத்துப் பழசானால் 140-தான் கணக்கு. ஹோஸ் நீளத்தை வண்டி நிற்கும் நிலையில் முடிவு செய்யாதீர்கள். சேசிஸை ஜாக்கியில் தூக்கி அச்சு முழுக்கத் தொங்கும்போது ஒருமுறை, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி ஒருமுறை பாருங்கள். இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது.

முன்னால் டிஸ்க் போடுவது உங்கள் விருப்பம். போட்டால், ஆயில் டப்பாவை மேலே ஏற்றாமல் மாஸ்டர் சிலிண்டரோடு தாழ்வாகவே விட்டிருந்தால், ஆயில் திரும்பி வடியாமல் டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைப்பது) வேண்டும். டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ வால்வை அங்கே விட்டால் பேட் எப்போதும் உரசும்.

எல்லாம் மாட்டிய பிறகு பெடலில் அரை இன்ச் ஃப்ரீ பிளே (விசை ஏறாத வெற்று நகர்வு) வையுங்கள். சரியா என்று பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஆயில் டப்பா ஏற்றுவதற்கு முன், மாஸ்டர் சிலிண்டரின் வாய் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள். ஒருவர் பெடலை விரலால் மெல்லத் தட்டட்டும், நீங்கள் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துளை அளவுள்ள போர்ட்டிலிருந்து ஆயில் ஒரு சின்ன ஊற்றாகக் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, கப் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஆயில் சூடேறி விரிந்து, திரும்ப வழியில்லாமல், பத்து கிலோமீட்டரில் நாலு சக்கரமும் இறுகும். புஷ் ராடைச் சுருக்கி மறுபடி பாருங்கள். கண்ணை நேராக மேலே வைக்காதீர்கள், பிரேக் ஆயில் தெறிக்கும்.

ஹேண்ட்பிரேக் இந்த வண்டியில் சக்கரத்தில் இல்லை, இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. அதனால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி நகர்ந்துவிடும். வேலை முடியும்வரை மற்ற சக்கரங்களுக்குக் கட்டாயம் கட்டை வையுங்கள்.