வீட்டிலேயே உருளைக்கிழங்கு பீரங்கி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் யூடியூபில் தோளில் சாய்த்துக்கொண்டு சுடுகிறார்களே, அந்த ஆளுயரக் குழாய் வேண்டாம். நானும் முதலில் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையில் 2 அங்குல பி.வி.சி. குழாய் கேட்டேன். கடைக்காரர் திருவண்ணாமலைப் பக்கம். எதற்கு என்றார், சொன்னேன். "சார், இது தண்ணிக்கான பைப்பு. காத்தை அடைச்சா சொல்லிட்டு வெடிக்காது" என்று குழாயைத் திரும்ப மூலையில் சாத்திவிட்டார்.

அவர் சொன்னது சரி. குழாயின் மேல் அச்சடித்திருக்கும் அழுத்தக் கணக்கு தண்ணீருக்கானது. தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்கவே அமுங்காது. குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். காற்றோ அமுக்கி வைத்த ஸ்பிரிங். உடைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் விரியும், பி.வி.சி. சில்லுசில்லாகத் தெறிக்கும். கேஸ் சிலிண்டரின் பலத்தைக்கூடத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிக்கிறார்கள். ஹேர் ஸ்ப்ரேயைக் கொளுத்திச் சுடும் ரகம் இருக்கிறதே, அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியில் பையனும் நானும் செய்தது ஒரு சாணுக்கும் குறைந்த துப்பாக்கி. எலெக்ட்ரீஷியன் ஒயர் இழுக்க விட்டுப்போன 20 மி.மீ. குழாயில் 15 செ.மீ. துண்டு, அதற்குள் நுழைகிற மரக்குச்சி, ஒரு கிழங்கு. அவ்வளவுதான். கிழங்கை 1 செ.மீ. கனத்தில் வில்லையாக அரிந்து பலகையில் வைத்து, குழாயின் வாயை அதில் அழுத்தித் திருகினால் ஒரு தக்கை உள்ளே நின்றுவிடும். மறுமுனையிலும் அப்படியே. நடுவில் 13 செ.மீ. காற்று சிறைப்பட்டது. பின்தக்கையைக் குச்சியால் விருட்டென்று தள்ளினால், டப்!

காற்றைப் பாதியாக அமுக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்த விதி. எங்கள் குழாயின் வாய்க்கு அது முன்தக்கையை ஏறத்தாழ 2 கிலோ எடை தள்ளுவது போல. (சென்னையில் இன்னும் கொஞ்சம் கூடும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தமே ஒரு பத்து சதவீதம் கம்மி.)

முதல் ஐந்து முறை டப் வரவில்லை, புஸ்தான் வந்தது. ஒன்று, கூடையில் இரண்டு வாரம் கிடந்து தோல் சுருங்கிய கிழங்கு. ஈரம் இருந்தால்தான் தக்கை குழாயை ஒட்டி அடைக்கும். இரண்டு, ரம்பத்தால் அறுத்த விளிம்பில் பிசிறு. அது தக்கையின் பக்கவாட்டில் கோடு கிழித்துக் காற்றுக்கு வழிவிட்டிருக்கிறது. உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, சந்தையிலிருந்து அன்றே வாங்கிய கெட்டிக் கிழங்கைப் போட்டதும் ஆறாவது தக்கை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வேட்டியில் போய் அப்பியது. "ஏம்ப்பா, கிழங்கை வேக வெச்சுக் குடுத்தா சாப்பிடுவேன்ல" என்றார்.

சின்னதுதானே என்று முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், கண்ணில் பட்டால் வினை. சுடுகிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். அப்புறம், ஆட்டம் முடிந்ததும் குழாயைக் கழுவிவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம், மாவு காய்ந்து பிடித்துக்கொண்டு, மறுநாள் குச்சியே உள்ளே போகவில்லை.