வேட்டை நாளில் குதிரை மேல் சாப்பாடு: எதை, எங்கே வைப்பது?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நவம்பர் மாதம் முதல் முறையாக ஒரு வேட்டைக் குழுவோடு நாள் முழுக்கக் குதிரையில் போகப் போகிறேன். காலை 11 மணிக்குக் கூடுகிறார்கள், திரும்ப இருட்டிவிடும் என்கிறார்கள். ஒத்திகைக்காக முதுகில் சின்னப் பை மாட்டிப் போனேன். அது இடித்துக்கொண்டே வந்தது, உள்ளே இருந்த கேக் தூளாகிவிட்டது. அடுத்த முறை பையைச் சேணத்தில் கட்டினேன். குதிரையின் விலாவில் முடி தேய்ந்துவிட்டது. சாப்பாடு, தண்ணீர், மற்ற சாமான்களை எப்படித்தான் கொண்டுபோவது?

பதில்: முதுகுப் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குதிரை வேலியைத் தாண்டும்போது பை உங்களுக்கு ஒரு நொடி பிந்தி எழும்பும். கால் தரையில் படும் நேரத்தில் உங்களை முன்னால் தள்ளும். புதர்வேலியின் கிளைகள் தோள்வாரைப் பிடித்து இழுக்கும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, விழுந்தால் பைக்குள் இருப்பதன் மேல்தான் விழுவீர்கள் என்பது. முதுகெலும்புக்கு நேராக ஒரு எஃகு ஃபிளாஸ்க் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: நாலுகால் பாய்ச்சலில் இது ஆடுமா? இதன் மேல் விழுந்தால் எனக்கு என்ன ஆகும்? இதில் தேறாதவை எல்லாம் குதிரையை ஏற்றிவரும் வண்டியிலேயே இருக்கட்டும். கனமான சாப்பாடும் சூடான டீயும் நாள் முடிந்து வண்டிக்குத் திரும்பியதும் கிடைத்தால் போதும்.

இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு, நாய்களை விட்டு நரியைத் துரத்தத் தடை. குழுக்கள் முன்கூட்டிப் போட்டுவைத்த வாசனைத் தடத்தைத்தான் பின்தொடர வேண்டும். இருந்தாலும் நாளின் போக்கு பழையதுதான்: நீண்ட காத்திருப்பு, திடீர்ப் பாய்ச்சல், மறுபடி காத்திருப்பு. காத்திருப்பில்தான் சாப்பிட முடியும், அதுவும் எப்போது முடியும் என்று தெரியாது. இரண்டே கடியில் தீரும் தீனியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பழைய ஏற்பாடு இன்னமும் நல்ல ஏற்பாடு. சாண்ட்விச் கேஸ் என்பது தட்டையான ஒரு தோல் பெட்டி, உள்ளே தகர டப்பா. சிலவற்றில் டப்பாவோடு சேர்த்துச் சிறு ஃபிளாஸ்க்கும் இருக்கும். இது சேணத்தின் வலப்பக்கம், இருக்கைக்குச் சற்றுப் பின்னால் தொங்கும். நாம் இடப்பக்கம் ஏறுகிறோம், ஏறும்போது உடம்பு அதில் உரசக் கூடாது என்பதால் வலம். ஏறும்போது வலது காலை மட்டும் கொஞ்சம் உயரத் தூக்கிப் போடுங்கள். பூட்ஸ் பெட்டியில் இடித்தால் சில குதிரைகள் மிரண்டு ஓரெட்டு முன்னால் பாய்ந்துவிடும்.

உங்கள் குதிரைக்கு முடி தேய்ந்ததற்குக் காரணம் அநேகமாகப் பையின் கனம் அல்ல, ஆட்டம். மேலே இரண்டு வார்களை மட்டும் கட்டினால் அடிப்பக்கம் ஊஞ்சல் போல ஆடி, ஒவ்வொரு அடிக்கும் விலாவில் தேய்க்கும். மூன்றாவதாக ஒரு வார் பெட்டியிலிருந்து முன்னால் ஓடி வயிற்றுவார்ப் பட்டையில் சேர வேண்டும். அதை இழுத்துக் கட்டினால் பெட்டி சேணத்தோடு ஒட்டி நிற்கும். பெட்டி படும் இடம் வரை சேணத்தின் அடித்துணி நீண்டிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பெரிய துணியாக மாற்றுங்கள்.

சேணத்தில் சாமான் கட்ட இருக்கும் டி (D) வடிவ வளையங்களையும் பாருங்கள். சில வளையங்கள் வெறும் ஆணியடித்த தோல் துண்டில் நிற்பவை. ஒரு நாள் பாய்ச்சலில் பிய்ந்துவிடும், பெட்டி பின்னங்காலில் தொங்கினால் குதிரை உதைத்துக்கொண்டே ஓடும். சேணத்தின் உள்சட்டத்தோடு முடுக்கப்பட்ட வளையங்களில்தான் எதையும் கட்ட வேண்டும். சந்தேகமிருந்தால் சேணம் தைப்பவரிடம் காட்டுங்கள். நிரப்பிய பெட்டி ஒரு கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் பயிற்சிச் சவாரியில் அதை மாட்டியே ஓட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் டப்பாவைச் சுற்றித் துணி திணியுங்கள். பெட்டி வேண்டாம் என்றால் கோட்டின் உள்பைகள் போதும், தீனி சின்னதாக இருக்கட்டும்.

இனி உள்ளே என்ன? இந்தப் பகுதிக்கே உரிய விடை மெல்டன் மோப்ரே ஊரின் பன்றிக்கறி ‘பை’ (pie), அதாவது மாவு ஓட்டுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டம். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் கூடும் ஊர். இந்தப் பண்டம் கெட்டி ஓடு போட்டது, வெந்த பிறகு உள்ளே ஊற்றும் எலும்புச்சாற்று ஜெல்லி இடைவெளியை நிரப்பிவிடும். அதனால் கறி உள்ளே உருளாது, ஓடும் உடையாது. சின்ன அளவில் ஒன்று போதும், பாதியாக வெட்டிக்கொண்டு போங்கள். கறி வேண்டாதவர்களுக்கு ஃபிளாப்ஜாக் (ஓட்ஸைப் பாகோடு சேர்த்துச் சுட்ட கட்டி), கெட்டிப் பாலாடைக்கட்டி வைத்த சாண்ட்விச். ரொட்டியின் ஓரத்தை வெட்டி, விரல் அகலத்தில் கீறி, மெழுகுத் தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையும் அலுமினியத் தாளும் சரசரக்கும், பக்கத்துக் குதிரையும் மிரளும். மயோனைஸ், தக்காளி வைத்தவை மதியத்துக்குள் ஊறிப் பிசுபிசுக்கும். வாழைப்பழம் சொல்லவே வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சாக்லேட்டும் திராட்சை போட்ட கேக்கும் நாய்களுக்கு நஞ்சு. கீழே விழுந்த துண்டைக் கூட்டத்து நாய் ஒன்று விழுங்கிவிடலாம். சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் அப்படித்தான். இவற்றைக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். நீரிழிவுக்காரர்கள் மட்டும் குளுக்கோஸ் மாத்திரையைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளட்டும். பெட்டி குதிரையோடு ஓடிவிட்டால் அதுவும் ஓடிவிடும்.

தண்ணீர் 250 மில்லி போதும், நெகிழும் மென் குடுவையில். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ கனம், அதோடு ஒதுங்க இடமில்லாத வயல்வெளி. கூடும் இடத்தில் போர்ட் ஒயின் கொடுப்பார்கள். ஒரு வாய் மரியாதைக்குச் சரி. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடல் சூட்டை வெளியேற்றும், சூடாக இருப்பதாக ஒரு மயக்கத்தை மட்டும் தரும். போதையில் பொதுவழியில் குதிரை ஓட்டுவது 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படிக் குற்றம், அது இன்னும் நடப்பில் இருக்கிறது.

சில்லறைச் சாமான்கள்: குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் மடக்குக் கொக்கி, மடக்குக் கத்தி, இரண்டு மீட்டர் வைக்கோல் கட்டும் கயிறு. அறுந்த வார், பூட்டில்லாத கேட் எல்லாவற்றுக்கும் கயிறு உதவும். கழுத்தில் கட்டும் ஸ்டாக் துணியே கட்டுப் போடவும் கை தொங்கவிடவும் ஆகும், அதன் ஊசியைக் குறுக்கே குத்துங்கள். நேராகக் குத்தினால் விழும்போது தொண்டையில் ஏறும். ஒரு ஜோடிப் பின்னல் கையுறையைச் சேண மடலுக்கு அடியில், வயிற்றுவார்ப் பட்டைக்குள் செருகுங்கள். மழையில் தோல் கையுறை கடிவாள வாரில் வழுக்கும். போன் கோட்டின் உள்பையில், நீர் புகாத உறையில். இரத்த வகை, மருந்துகள், அவசரத் தொடர்பு எழுதிய அட்டை அதனோடு. அன்றைய கட்டணத்தை ரொக்கமாக உறையில் போட்டுவிடுங்கள், சில்லறைக் காசு குலுங்கும். இடுப்புப் பையிலும் பின்பையிலும் கெட்டியான எதுவும் கூடாது.

சாப்பிடும்போது கடிவாள வாரை ஒரு கையில் திரட்டி, கூட்டத்தின் ஓரமாக, குதிரையைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை உதைக்கும், அதன் பின்னால் நிற்காதீர்கள். கொம்பு ஊதினால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, கையில் இருப்பதைப் பெட்டிக்குள் போட்டு வாரைப் பூட்டிய பிறகே கிளம்புங்கள். திறந்த மூடி அடிக்கிற அடியில் அடுத்த வேலி வருவதற்குள் வாரும் போய்விடும்.

வீடு திரும்பியதும் முதலில் சேணத்தைக் கழற்றி, பெட்டி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். முடி கலைந்திருந்தால் மூன்றாவது வார் தளர்ந்திருக்கிறது. சூடாகவோ வீங்கியோ இருந்தால், அது ஆறும்வரை அந்தக் குதிரையில் பெட்டியே கட்டக் கூடாது.