சொந்த சனத்தைப் பற்றி எழுதுவது: லூயிஸ் விர்த்

அன்புள்ள சார்,

நகரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சமூகவியலாளர் லூயிஸ் விர்த் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த யூதர், யூதக் குடியிருப்பைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். சொந்த சனத்தைப் பற்றி எழுதுகிறவர் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? பிறகு யூதர்களை விட்டுவிட்டு நகரம், இனம் என்று போய்விட்டாரே, ஏன்? நான் சமூகவியல் முதுகலை மாணவன். என் ஊரைப் பற்றியே ஆய்வு செய்ய ஆசை, அதனால் கேட்கிறேன்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த ‘சொந்த சனம்’ யார் என்று பார்த்துவிடுவோம். விர்த் 1897இல் ஜெர்மனியில் கெமுண்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், மாட்டு வியாபாரியின் மகன். 1911இல், பதினான்கு வயதில், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் எழுதிய, சிகாகோவின் மாக்ஸ்வெல் தெரு யூதர்களோ ரஷ்யா, போலந்து பக்கமிருந்து வந்த, இத்திஷ் என்ற கிழக்கு ஐரோப்பிய யூத மொழி பேசுகிற ஏழைகள். ஜெர்மன் யூதர்கள் அவர்களிடமிருந்து ஒதுங்கியே இருந்தார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் மாக்ஸ்வெல் தெரு மக்கள் சிகாகோவின் லாண்டேல் பகுதிக்குக் குடிபோவார்கள், உடனே பழைய தெருக்காரர்கள் அந்த இடத்துக்கு ‘டாய்ச்லாண்ட்’ (ஜெர்மனி) என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஜெர்மன்காரர் மாதிரி நடந்துகொள்ளப் பார்க்கிறார்களாம்! இதையெல்லாம் காதில் வாங்கி எழுதியவர் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றவர். இளங்கலைப் பட்டம் வாங்கியதும் சில வருடம் யூத உதவி அமைப்பில் சமூகப் பணியாளராக, போலீஸில் சிக்கிய பையன்களோடு வேலை பார்த்ததும் இதற்கு உதவியிருக்கும். உங்கள் ஊரும் வெளியூர்க்காரனுக்குத்தான் ஒரே ஊர். உள்ளே போனால் தெருவுக்குத் தெரு வேறு.

ஆனாலும் அந்த முனைவர் ஆய்விலிருந்து 1928இல் வந்த ‘கெட்டோ’ (யூதக் குடியிருப்பு) புத்தகத்தில் எனக்குப் பெரிய குறை உண்டு. பிராங்க்பர்ட்டின் யூதத் தெருவில் ஆரம்பித்து சிகாகோ சந்தை வரை வருகிற அருமையான எழுத்துதான். ஆனால் ஒரே மாதிரி ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழ்வார்கள், பிறகு சம்பாதித்து வெளியே போவார்கள் என்று அது ஏதோ இயற்கையாக நடப்பது போல எழுதிவிட்டார். சிகாகோவில் யூதர்களுக்குப் பெரும்பாலும் அப்படி நடந்தது. கறுப்பின மக்களுக்கு நடக்கவில்லை, ஏனென்றால் வீட்டுப் பத்திரத்திலேயே இவர்களுக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள், அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லவே 1948 ஆகிவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் யூதர்களை விட்டுப் போகவில்லை என்பதே என் கருத்து. 1930இல் ஆய்வு உதவித்தொகையில் ஜெர்மனி போய் வந்தார், மூன்று வருடத்தில் ஹிட்லர் வந்துவிட்டான், அப்புறம் சொந்தக்காரர்களை அமெரிக்காவுக்கு வரவழைக்கும் பாடு. அதற்கெல்லாம் பிறகு, 1945இல், சிறுபான்மைக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார். உடல் தோற்றத்தாலோ பண்பாட்டாலோ தனியாகப் பிரிக்கப்பட்டு, மற்றவர்களைவிடக் கீழாக நடத்தப்பட்டு, அதனாலேயே தாங்கள் கூட்டாகப் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் என்று தங்களைக் கருதுகிறவர்கள்தான் சிறுபான்மையினர் என்கிறார். தலைக்கணக்கு இதில் கிடையாது, எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவர்களும் சிறுபான்மையாக இருக்கலாம். 1928இல் இவர்கள் ஏன் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று கேட்டவர், இப்போது இவர்களை இப்படி நடத்துவது யார் என்று கேட்கிறார். மாக்ஸ்வெல் தெருவில் ஆரம்பித்த அதே விசாரணைதான், ஆனால் அது இப்போது கறுப்பின மக்களுக்கும் பொருந்துகிறது. அமெரிக்கச் சமூகவியல் சங்கத் தலைவர், சர்வதேச சமூகவியல் சங்கத்தின் முதல் தலைவர் என்று பெரிய பதவிகளெல்லாம் வந்தன, என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உச்சம் இந்தக் கட்டுரைதான். 1952இல், ஐம்பத்து நான்கு வயதில், பஃபலோவில் இன உறவுகள் பற்றிப் பேசப் போன இடத்தில் இறந்துபோனார்.

நடுநிலை பற்றி அவரே சொன்னது ஒன்று உண்டு. ஜெர்மன் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைமின் ‘கருத்தியலும் கற்பனாலோகமும்’ நூலை எட்வர்ட் ஷில்ஸோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது (1936) எழுதிய முன்னுரையில், ஒரு மனிதரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், அவர் எதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் என்கிறார். 1928இல் கதவு எல்லோருக்கும் திறக்கும் என்பதை அவர் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். பதினான்கு வயதில் கப்பலேறி வந்து பேராசிரியர் ஆனவருக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

முதலில் 1945 கட்டுரையைப் படியுங்கள், அதற்கு அப்புறம் புத்தகத்தைப் படியுங்கள். உங்கள் ஊரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே யார் எங்கே வீடு வாங்க முடியவில்லை என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.