உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: மிஸ்ஸி அக்காவிடம் கேளுங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் 24 வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்தேன். இப்போது, உதடோ வாயின் மேல்கூரையான அண்ணமோ ஒட்டாமல் பிளவோடு பிறந்த பிள்ளைகளை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வரும் சிறிய உதவிக் குழுவில் இருக்கிறேன். மருந்து அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது டாக்டர் சொல்ல வேண்டியது.

பேத்தி பிறந்து 9 நாள். உதடும் அண்ணமும் பிளந்திருக்கு. மார்பில் வைத்தால் இழுக்கத் தெரியலை, மூக்கு வழியா பால் வருது. எடையும் குறையுது. (ஒரு பாட்டி)

அம்மா, பிள்ளைக்கு இழுக்கத் தெரியாமல் இல்லை, முடியவில்லை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். அண்ணம் மூடியிருந்தால்தான் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகும். அதனால் பாலை நாம்தான் உள்ளே சேர்க்க வேண்டும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, அமுக்கினால் பால் வரும் மெத்தென்ற பாட்டிலில் கொடுங்கள். அந்தப் பாட்டில் கிடைக்கும்வரை, வீட்டில் சங்கு இருக்கிறதா? நம் பாட்டிமார் புகட்டிய அதே சங்குதான். கொதிநீரில் போட்டெடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். காற்றையும் சேர்த்து விழுங்கும், நடுநடுவே தட்டி ஏப்பம் விட வையுங்கள். படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது, புரையேறும்.

ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிவிட்டு வந்த அப்பா ஒருவர், கித்தாப்பால் (ரப்பர் பால்) காய்ந்த விரல்களை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, லயத்து (தோட்டக் குடியிருப்பு) வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு அவுன்ஸ் பாலை இருபத்தைந்து நிமிஷம் புகட்டினார். அந்தப் பிள்ளை எடை ஏறித்தான் அறுவைக்குப் போனது. உங்கள் பேத்திக்கு எடை குறைகிறது என்பதால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம், இன்றே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள்.

அறுவை எந்த மாசத்தில்? செலவு எவ்வளவு? 20 ஆயிரம் வேணும்னு ஒருத்தர் சொல்றார்.

உதட்டைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் தைப்பார்கள். 10 வாரம், 10 பவுண்டு எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 இருந்தால் தைக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள். ஈறும் பிளந்திருந்தால், 8 வயதுக்கு மேல், கோரைப்பல் இறங்குவதற்கு முன், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைப்பார்கள். ஆக இது ஒருநாள் வேலை இல்லை. பிள்ளை வளர வளர வைத்தியமும் கூடவே வரும்.

20 ஆயிரத்தைத் தனியாரிடம் கொடுக்க வேண்டியதில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). மற்றச் செலவைக் கட்ட முடியாவிட்டால் அங்கேயே மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மட்டும் வெளிநாட்டவர் கட்டணம் வந்து நிற்கும். அதனால் பிள்ளை பிறந்ததும் பதிவு செய்யுங்கள். முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, பதியாமல் வீட்டுக்குள் வைத்திருந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.

மருமகள் கிரகணத்தன்று கத்தி பிடித்து மீன் வெட்டினாள். அதனால்தானே?

இல்லை. உதடு ஒட்டுவது கருவின் 4 முதல் 7 வாரத்துக்குள், அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள். பல பெண்களுக்கு அப்போது பிள்ளை தங்கியதே தெரியாது. பரம்பரை, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள், இப்படிப் பலதும் சேர்ந்து வருவது இது. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு தாயை இதற்காக அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தையல் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, அன்னைக்கு நான் வெங்காயம்தான் அரிந்தேன்" என்று என்னிடம் அழுதாள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கிரகணம் இல்லைன்னா குலதெய்வக் குறையா?

மேலே எழுதியதைப் படியுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்தால், 100-க்கு 2 முதல் 5 வரை. மீதி அத்தனையும் நல்ல பக்கம்தான்.

அண்ணம் தைத்த மாணவன் முதலாம் ஆண்டில் இருக்கிறான். மூக்கால் பேசுகிறான், மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். (ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வல்லினம், மெல்லினமே இதற்கு விளக்கம். க, ச, ட, த, ப, ற சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்து விட வேண்டும். அப்போது பின்அண்ணம் எழும்பி மூக்கு வழியை மூடும். மூடாவிட்டால் காற்று மூக்கில் ஓடி, வல்லினம் மெல்லினமாகிவிடும். 'பாப்பா' என்பது 'மாம்மா' என்று கேட்கும். 'அம்மா' மட்டும் தெளிவாக வரும், மெல்லினத்துக்கு மூக்குதானே வழி.

அவன் 'பாப்பா' சொல்லும்போது மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடியுங்கள். ஆவி படிந்தால் காற்று கசிகிறது, பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும், சில பிள்ளைக்கு இன்னொரு அறுவையும் தேவைப்படும். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பாப்பா, தாத்தா, காக்கா, பாட்டி, பச்சை என்று இரட்டித்த வல்லினச் சொற்களை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இரட்டிக்காத வல்லின எழுத்து சொல்லின் நடுவில் வந்தால் தமிழில் அதன் ஒலி மென்மையாகிவிடும். பலூன் ஊதச் சொல்லாதீர்கள், பேச்சுக்கு அது உதவாது. காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாகும். முன் வரிசையில் உட்காரவையுங்கள்.

வெளிநாட்டு டாக்டர் குழுவை இங்கே முகாம் போட அழைக்கலாமா?

பிளவு அறுவைக்கு முகாம் போடும் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பு 1982-ல் பிலிப்பைன்ஸ் போன அமெரிக்கத் தம்பதியால் தொடங்கியது. 1999-ல் வந்த ஸ்மைல் டிரெயின் அந்தந்த நாட்டு டாக்டர்களுக்கே பயிற்சியும் பணமும் கொடுக்கும் வழியில் போனது. டாக்டரே இல்லாத இடத்தில் முகாம் உயிர்போல. நமக்கு டாக்டர் இருக்கிறார். இல்லாதது ஈப்போவுக்கு வண்டி, அம்மாவின் ஒருநாள் கூலி, பாட்டில்.

படுக்கவைத்துப் பால் கொடுத்தால்தான் தூங்குகிறான்...

வேண்டாம். நிமிர்த்துங்கள்.

அக்கா, பிள்ளையின் முகப் படம் போட்டால்தான் முகநூலில் நன்கொடை வருது. நீங்க ஏன் தடுக்கிறீங்க? (ஓர் இளைஞர் மன்றச் செயலாளர்)

தம்பி, அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயதில் இருக்கிறது.

அம்மா அப்பா சம்மதிச்சாங்களே. படம் இல்லாம போன மாசம் 40 வெள்ளிதான் வந்துச்சு.

உதவி வேண்டி நிற்கும்போது கேட்டால் எந்தத் தாயும் சம்மதிப்பாள். அது சம்மதம் இல்லை.

நான் பேசலாமா? எனக்கு 31 வயது, நானும் பிளவோடு பிறந்தவன். 5 வயதில் எடுத்த என் படத்தை யாரோ இன்னும் பகிர்றாங்க. பெண் பார்க்கப் போன வீட்டில் அதைக் காட்டினாங்க.

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. செயலாளர் தம்பி இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

படிச்சேன் அக்கா. அப்போ காசுக்கு என்னதான் போடுறது?

கணக்கைப் போடுங்கள். இந்த மாதம் எத்தனை முறை ஈப்போ போனோம், பெட்ரோல் எவ்வளவு, எத்தனை பாட்டில் வாங்கினோம். 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தாமார் தவணையாகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். எந்தப் பிள்ளையின் முகத்தையும் காட்டி அவர்களிடம் பணம் கேட்கவில்லை. பழைய படங்களை இன்றிரவே அழித்துவிடுங்கள்.

கோணல் பல்லுக்குக் கம்பி எப்போது?

பல் டாக்டரைக் கேளுங்கள்.

நாளைக்கு மகனுக்கு உதட்டு அறுவை. இன்னைக்குச் சளி, லேசாச் சூடு. சொன்னா தேதி போயிடுமே, மறைக்கலாமா?

மறைக்காதீர்கள், தம்பி. சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து. பஸ் ஏறுமுன் இப்போதே வார்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள். அடுத்த தேதிக்கு எங்கள் வண்டி வரும்.